ஸ்வஸ்திகா இல்லாத ஜெர்மன் விளையாட்டு பேட்ஜ்: போர்க்காலத்தையதா, பிந்தையதா?

இலை வளையத்துக்குள் பின்னிய எழுத்துகள் உள்ள வெண்கல பேட்ஜ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, ஸ்வஸ்திகா இல்லாததால் போருக்குப் பிந்தையது என்கிறார் விற்பவர், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் காரணத்தை மட்டும் வைத்து நம்பாதீர்கள். முதலில் எழுத்துகளைப் படியுங்கள். இந்த பேட்ஜின் வயதைச் சொல்வது அவைதான்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸுக்குப் போன ஜெர்மன் விளையாட்டு நிர்வாகி கார்ல் டீம், ஸ்வீடன்காரர்களின் விளையாட்டு பேட்ஜைப் பார்த்துவிட்டு வந்து ஜெர்மனியிலும் ஒன்றைத் தொடங்கி வைத்தார். 1913 முதல் கொடுக்கிறார்கள். நீச்சல், ஓட்டம், தாண்டுதல் என்று ஐந்து பிரிவுத் தேர்வுகளில் தேற வேண்டியிருந்தது. ராணுவ வீரர்கள் சீருடையில் குத்திக்கொண்டதால் போர் விருது போலத் தெரிகிறதே தவிர, அடிப்படையில் இது பொதுமக்களுக்கானது.

பின்னிய எழுத்துகள் பேட்ஜைக் கொடுத்த அமைப்பின் பெயர்ச் சுருக்கம்; பொறுப்பு அமைப்பு மாறும்போதெல்லாம் எழுத்தும் மாறியது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வைமர் குடியரசுக் காலத்தில் டி.ஆர்.ஏ. (DRA). நாஜிகள் வந்த பிறகு, 1934 வாக்கில் டி.ஆர்.எல். (DRL). மேற்கு ஜெர்மனியில் 1950ல் உருவான விளையாட்டுக் கூட்டமைப்பு கொடுத்ததில் டி.எஸ்.பி. (DSB). அது 2006ல் ஒலிம்பிக் கமிட்டியோடு இணைந்த பிறகு டி.ஓ.எஸ்.பி. (DOSB). ஆகவே உங்கள் பேட்ஜில் டி.எஸ்.பி. இருந்தால் விற்பவர் சொல்வது சரி, விஷயம் அங்கேயே முடிந்தது. டி.ஆர்.ஏ. இருந்தால் அது போருக்கு முந்தைய வடிவம்.

சிக்கல் டி.ஆர்.எல்.லில்தான். வளையத்தின் அடியில் ஸ்வஸ்திகாவைச் சேர்த்தது 1937ல்தான். அதற்கு முன் நாஜி ஆட்சியிலேயே ஸ்வஸ்திகா இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். 1935ல் வாங்கிய ஒருவர் போர் முழுக்க அதையே குத்தியிருக்கலாம். அப்புறம் 1957ல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: பழைய விருதுகளை அணியலாம், ஸ்வஸ்திகா மட்டும் இருக்கக் கூடாது. அதற்காகப் புதிதாக அடித்தவை உண்டு, கையில் இருந்ததையே அரத்தால் ராவிக் கொண்டவர்களும் உண்டு. ராவியதைக் கண்டுபிடிப்பது சுலபம். லென்ஸில் பார்த்தால் அந்த இடம் மட்டும் தட்டையாக, கீறல்களோடு, முலாம் போய் இருக்கும்.

மீதி இரண்டையும், அதாவது 1937க்கு முன் கொடுத்ததையும் 1957க்குப் பின் புதிதாக அடித்ததையும், பிரிக்க பின்பக்கத்தைத் திருப்புங்கள். 1930களின் டி.ஆர்.எல். பேட்ஜ்களில் அடிக்கடி வருவது ஜெனா நகரத்து வெர்ன்ஷ்டைன் என்ற தயாரிப்பாளர் பெயரும், ஜெர்மன் ரைக்கின் (1945 வரையிலான ஜெர்மன் அரசின்) வடிவமைப்புப் பதிவைக் குறிக்கும் டி.ஆர்.ஜி.எம். (D.R.G.M.) என்ற எழுத்துகளும். 1945க்குப் பின் ஜெனா சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. மேற்கில் 1957க்கு அப்புறம் அடித்த ஒன்றில் அந்த ஊர்ப் பெயர் இருக்க நியாயமில்லை. ஆனால் போலி அடிப்பவனுக்கும் இதெல்லாம் தெரியும் என்பதால் முத்திரையோடு தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஊக்கும் அதன் கீலும் பளபளவென்று இருந்து, முன்பக்கம் மட்டும் பழசாகத் தெரிந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நிறுவனப் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. லூடன்ஷைடின் ஷ்டைன்ஹவர் உண்ட் லூக் போருக்கு முன்பும் விருதுகள் செய்தது, பின்பும் செய்தது.

நாஜிக் கட்சியின் துணைப் படையான எஸ்.ஏ.வின் விளையாட்டு பேட்ஜை இதோடு குழப்ப வேண்டாம். அதில் வாளும் பெரிய ஸ்வஸ்திகாவும்தான் வடிவமே. 1945ல் அந்த அமைப்பையே ஒழித்துவிட்டார்கள். எனவே அதற்குப் "போருக்குப் பிந்தைய பதிப்பு" என்று யாராவது சொன்னால் அது நகல்தான்.

விற்பவரிடம் பின்பக்கத்தையும் வளையத்தின் அடிப்பகுதியையும் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டத் தடை இருப்பதால், அங்குள்ள வியாபாரிகள் பலர் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் படம் போடுவார்கள். உங்களுக்கு வந்த படத்தில் அடிப்பகுதி மறைந்திருந்தால், அது 1937க்குப் பிந்தைய வடிவமாகக்கூட இருக்கலாம்.