செகண்ட் ஹேண்டில் ஐ7 வாங்கப் போகிறேன், எழுத்து மாற்றிய போலி பிராசசர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய டெஸ்க்டாப்பில் இருக்கிற ஐ3-2100ஐ எடுத்துவிட்டு ஐ7-2600 (இரண்டும் இன்டெல் பிராசசர்கள்) போடப் போவதாகவும், மேல் எழுத்தை அழித்து வேறு மாடல் பெயர் போட்டு விற்கிறார்கள் என்று யாரோ பயமுறுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விற்கிறார்கள்தான். ஆனால் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். மாற்றுவதற்கு இருப்பதிலேயே சுலபமானதும் அதுதான். அதை அப்புறம் பாருங்கள்.

தொண்ணூறுகளில் நடந்தது வேறு வகை மோசடி. அப்போது பிராசசர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை மதர்போர்டில் இருக்கும் ஜம்பர் என்ற சின்ன இணைப்புதான் சொல்லும். பஸ் வேகம் (போர்டின் அடிப்படை வேகம்) 66 மெகாஹெர்ட்ஸ் என்றால், இரண்டால் பெருக்கினால் பென்டியம் 133, இரண்டரையால் பெருக்கினால் 166. எனவே 133இன் மேலே இருப்பதைச் சுரண்டிவிட்டு 166 என்று அச்சடித்தால் போதும், வாங்கியவரே ஜம்பரை மாற்றி வைத்து ஓட்டிக்கொள்வார், பெரும்பாலும் ஓடவும் செய்யும், சூடு ஏறும்போதுதான் ஹேங் ஆகி உயிரை வாங்கும். அந்தப் பத்தாண்டின் கடைசியில் இன்டெல் பெருக்கல் எண்ணையே பூட்டிவிட்டதற்கு இந்த வியாபாரமும் ஒரு காரணம். இன்றைக்கு ஐ5 மேல் ஐ7 என்று எழுதினாலும், போர்டில் மாட்டினால் பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) அதை ஐ5 என்றே காட்டும். அப்புறம் ஏன் இன்னும் ஏமாற்றுகிறார்கள் என்றால், நீங்கள் மாட்டிப் பார்ப்பதற்குள் காசு கை மாறிவிடும், அவ்வளவுதான்.

இன்னொரு வழி ரிட்டர்ன் மோசடி. மோசடிக்காரன் புதுசு வாங்குவான், நல்ல பிராசசரை எடுத்துக்கொண்டு ஒரு குப்பைச் சிப்பில் அதே மாதிரி மேல் உலோக மூடியோ ஸ்டிக்கரோ போட்டுப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவான். திரும்பி வந்ததை யாரும் சரியாகப் பார்க்காவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். 2017இல் இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் ரைசன் சிப்பை ஆர்டர் செய்த சிலருக்கு ரைசன் பெயர் போட்ட, இன்டெலின் மலிவு வகையான செலரான் வந்தது. 2025இல் ரைசன் 7 9800எக்ஸ்3டி என்று வந்தது, 2011இல் வெளியான ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-4100. 7800எக்ஸ்3டி என்ற பெயரில் வந்த ஒன்றை ஜெர்மன் ஓவர்கிளாக்கர் (சிப்பை அதன் வரம்புக்கு மேல் ஓட்டிப் பார்ப்பவர்) டெர்பவர் மூடியைப் பிரித்துப் பார்த்தார், உள்ளே வேலை செய்கிற சிலிக்கனே கிடையாது.

இதில் செலரானையும் எஃப்எக்ஸையும் பிடிக்க ஒரு நொடி போதும், திருப்பிப் பார்த்தால் சரி. ஏஎம்4 சாக்கெட்டுக்கான (சாக்கெட் என்பது போர்டில் சிப் உட்காரும் இடம்) ரைசனுக்கு அடியில் பின் இருக்கும், இன்டெல் செலரானுக்கு இருக்காது. ஏஎம்5இல், அதாவது 7000, 9000 வரிசை டெஸ்க்டாப் ரைசனில், பின்னே கிடையாது, வெறும் தங்க நிறப் புள்ளிகள்தான். எஃப்எக்ஸுக்கு அடி முழுக்கப் பின். இன்டெலில் 12ஆம் தலைமுறை முதல் 14 வரை டெஸ்க்டாப் சிப் செவ்வகமாக இருக்கும், 37.5க்கு 45 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய சாதாரண டெஸ்க்டாப் சிப்கள் சதுரம். யாராவது சதுரமாக ஒரு ஐ7-12700 காட்டினால் பேச்சே வேண்டாம், வந்துவிடுங்கள். மூடியில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், பின்னை எழுத முடியாது.

உங்கள் விஷயத்தில் இந்த வித்தை பாதிதான் உதவும். ஐ7-2600, ஐ5-2400, ஐ3-2100 மூன்றும் ஒரே 1155 சாக்கெட், ஒரே அளவு, பக்கவாட்டு வெட்டும் ஒரே இடத்தில். அதனால் மூடியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். முதலில் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைக்கச் சொல்லுங்கள் (பேஸ்ட் அப்பிக் கிடக்கிற மாதிரி போட்டோ போடுகிறவர்களிடம் நான் விலையே கேட்பதில்லை). பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மூடி செம்பு, மேலே நிக்கல் பூச்சு. உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்திருந்தால் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும், ஓரங்களில் நிக்கல் போய்ச் செம்பின் சிவப்பு எட்டிப் பார்க்கும். ஒரிஜினல் எழுத்து லேசரில் எரித்தது, நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் தேய்த்தாலும் போகாது. மையாக இருந்தால் பஞ்சோடு வந்துவிடும். ஆனால் தேய்த்துவிட்டு மறுபடி லேசரே போட்டிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது, கோடுகளைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது எழுத்துக்கு வரலாம். மாடல் பெயருக்குப் பக்கத்தில் ஐந்தெழுத்துக் குறியீடு இருக்கும். ஐ7-2600க்கு அது எஸ்ஆர்00பி, 2600கே என்றால் எஸ்ஆர்00சி, ஐ5-2400க்கு எஸ்ஆர்00கியூ. பெயரும் குறியீடும் பொருந்தவில்லை என்றால் போலி, சந்தேகமே வேண்டாம். பொருந்தினால் ஒரிஜினல் என்று அர்த்தமில்லை, இதைத் தேடிக் கண்டுபிடிக்க உங்களால் முடிந்தால் போலி செய்கிறவனாலும் முடியும். கீழே இருக்கிற பேட்ச் எண்ணில்தான் அசட்டையாக மாட்டுவார்கள். முதல் எழுத்து தொழிற்சாலை: எல் என்றால் மலேசியா, 3 என்றால் கோஸ்டா ரிகா, எக்ஸ் என்றால் வியட்நாம். அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம். ஐ7-2600 வெளிவந்தது 2011 ஜனவரியில். ஆண்டு இலக்கம் 8 என்று இருந்தால் 2008இல் இந்தச் சிப்பே கிடையாது, 2018 என்றால் இந்தச் சிப்புக்கு மிகவும் தாமதம், சந்தேகப்படுங்கள்.

குறியீடு எஸ்ஆர் என்று தொடங்காமல் கியூ என்று தொடங்கி, மேலே 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று இருந்தால் அது போலி அல்ல, சோதனைக்குக் கொடுத்த சாம்பிள். மலிவாகக் கிடைக்கும், ஓடவும் ஓடும், ஆனால் வாரண்டி கிடையாது, சில போர்டுகள் ஏற்காது. சொல்லி விற்றால் பரவாயில்லை, மறைத்து விற்றால் அதுவும் ஏமாற்றுதான்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. இதைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். விண்டோஸில் சிஸ்டம் பக்கத்தில் தெரிகிற பெயரை மட்டும் நம்பவே கூடாது, அது ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புப் பட்டியலில் இருக்கிற ஒரு வரி. ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி மாறிவிடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் மாற்றி எழுதுகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்டை வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஏஎம்டியில் பயாஸே அந்தப் பெயரை எழுதித் தரும் வசதி உண்டு, அதனால் பயாஸைத் திருத்தினால் பல மென்பொருள்களில் பொய்ப் பெயர் வரும். பெயரை விடுங்கள், சிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டு எண்களைப் பாருங்கள். ஐ7-2600 என்றால் 4 கோர், 8 த்ரெட், 8 எம்பி எல்3 (சிப்புக்குள் இருக்கும் வேக நினைவகம்). ஐ5-2400க்கு 4 கோர், 4 த்ரெட், 6 எம்பி. உங்கள் ஐ3க்கு 2 கோர், 4 த்ரெட், 3 எம்பி. இன்னும் சந்தேகமாக இருந்தால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து பாருங்கள், விண்டோஸில் செய்த தில்லுமுல்லு எதுவும் அங்கே எடுபடாது.

ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள், லேபிள் தெரிகிற இடத்திலிருந்து தொடங்கி, சிப்பைத் திருப்பி அடியைக் காட்டுகிற வரைக்கும். அன்றைக்கே மாட்டிப் பாருங்கள், ரிட்டர்ன் காலம் முடிகிற வரை டிராயரில் போட்டு வைக்க வேண்டாம்.

இன்னொன்று, ஐ3-2100 65 வாட், ஐ7-2600 95 வாட். பழைய ஐ3இன் குட்டி ஃபேனையே மேலே மாட்டிவிட்டு, சூட்டில் 3.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதைப் பார்த்து போலிச் சிப் கொடுத்துவிட்டான் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய. உள்ளே செம்பு வைத்த கூலர் ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.