போரை ஐந்தே ஏவுகணையோடா தொடங்குவான்?

கேள்வி: மனிதன் கோபக்காரன், அவசரக்காரன். அணு ஆயுதங்களை முழுக்கக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டால் தவறுதலாகப் போர் மூளும் ஆபத்தே இருக்காதல்லவா?

பதில்: நடந்த கதை நேர்மாறாக இருக்கிறதே சார்! 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற ரகசிய மையத்தில், செயற்கைக்கோள் தகவல்களைக் கண்காணிக்கும் பணியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். அமெரிக்கா ஏவுகணை விட்டுவிட்டது என்று கம்ப்யூட்டர் அலறுகிறது. முதலில் ஒன்று, அப்புறம் அடுத்தடுத்து நான்கு. தகவலை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்தால் முழுசாக நம்பலாம் என்கிறது. கோபமும் அவசரமும் இல்லாத உங்கள் கம்ப்யூட்டர்தான்!

பெத்ரோவ் கையில் பொத்தான் எதுவும் கிடையாது (பலரும் இருந்ததாக நினைக்கிறார்கள்), மேலே தகவல் சொல்வதுதான் அவர் வேலை. ஆனால் 'தாக்குதல்' என்று அவர் சொல்லியிருந்தால் மேலே இருந்தவர்களுக்கு யோசிக்கச் சில நிமிடங்கள்தான் மிஞ்சியிருக்கும். அதுவும் எப்பேர்ப்பட்ட சமயம்! 269 பேருடன் வந்த கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தி மூன்றரை வாரம்தான் ஆகியிருந்தது. அதைச் சுட்டது மனிதர்கள்தான், கம்ப்யூட்டர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பெத்ரோவ் 'பொய் எச்சரிக்கை' என்றே மேலே சொன்னார். இதை வீரம் என்பதைவிட, தொழில் தெரிந்த ஆளுக்கு வரும் சந்தேகம் என்பேன். ஆள் இன்ஜினியர். அந்தச் செயற்கைக்கோள் அமைப்பு புதுசு, அதன் ஓட்டைகள் அவருக்கு அத்துப்படி. தரை ரேடாரில் ஒன்றும் தட்டுப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கிடங்கு நிறைய ஏவுகணை வைத்திருப்பவன் போர் தொடங்கும்போது ஐந்தை மட்டுமா விடுவான்? இவ்வளவுக்குப் பிறகும் தனக்கு ஐம்பதுக்கு ஐம்பதுதான் நிச்சயம் இருந்தது என்று பின்னாளில் சொன்னார். கடைசியில் பார்த்தால், உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எண்ணியிருந்தது.

அமெரிக்கப் பக்கமும் லேசுப்பட்டதில்லை. 1979 நவம்பரில் பயிற்சிக்காக வைத்திருந்த தாக்குதல் காட்சி நிஜத் தாக்குதலாகத் திரையில் ஓடியது. 1980 ஜூனில் ஒரு டாலர்கூடப் பெறாத சிப் ஒன்று கெட்டுப்போய் இல்லாத ஏவுகணைகளை எண்ணிக் காட்டியது. இரண்டு தடவையும் ரேடார்களிடம் கேட்டுச் சரிபார்த்து, ஒன்றுமில்லை என்று அடக்கியது ஆட்கள்தான்.

சரி, பெத்ரோவுக்கு என்ன கிடைத்தது? பதக்கமா? அன்றைக்குப் பணிப் பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லை என்று கண்டிப்பு. ஒரு கையில் போன், மறு கையில் இன்டர்காம், எழுத மூன்றாவது கை இல்லை என்றார் மனிதர். உங்கள் கம்ப்யூட்டராக இருந்தால் பதிவேட்டைப் பிசகில்லாமல் எழுதியிருக்கும், அதை நான் மறுக்கவே மாட்டேன்.