மறுபடி முதலிலிருந்து

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆயாவுக்கு 84 வயது. காலையில் சாப்பிட்டது பத்து மணிக்கே மறந்துவிடுகிறது. ஆனால் தேவாரத்தில் முதல் வரியை எடுத்துக் கொடுத்தால் கடைசிவரை பாடிவிடுவார். நடுவில் போன் அடித்து நின்றுபோனால் மட்டும் விட்ட இடம் பிடிபடாது, மறுபடி முதலிலிருந்துதான். நினைவைக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு இதெல்லாம் புரியுமா?

க., சாட்ஸ்வர்த்

அன்புள்ள க.,

ஆயாவின் மறதியைப் பற்றி டாக்டரிடம்தான் கேட்கவேண்டும். எனக்கு அந்த ‘மறுபடி முதலிலிருந்து’தான் மனதில் நின்றது.

ஈஸ்டர் லீவில், தீமிதிக்குக்கூடப் போகாமல், இயற்பியலாளர் ஹாப்ஃபீல்ட் 1982-இல் எழுதிய நினைவு மாடலை என் பழைய லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். பத்துக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு ஒரு நியூரான் (நரம்பு செல்) என்று 100 நியூரான், இரண்டிரண்டுக்கு நடுவே ஒன்றாக 4,950 பிணைப்பு. கட்டங்களில் எழுத்துகளை வரைந்து பழக்கினேன். சேர்ந்து துடிக்கும் இரண்டுக்கு நடுவே பிணைப்பு கூடும். 1949-இல் உளவியலாளர் ஹெப் சொன்னதன் எளிய வடிவம். ‘ய’வைப் பாதி அழித்துக் கொடுத்தால் முழுசாகத் திருப்பித் தரும். கணக்குப்படி 14 வடிவம்வரை தாங்கும், அவை ஒன்றுக்கொன்று சாயல் இல்லாதவையாக இருந்தால். நம் எழுத்துகள் அப்படியா? ‘ன’, ‘ண’ இரண்டையும் போட்டதும் இரண்டரைச் சுழியோடு ஒரு பிராணி வந்து நின்றது. தமிழ்ப் பள்ளியில் நானும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த மாடலுக்குப் பாட்டு வராது. போகவும் வரவும் ஒரே வலுவுள்ள பிணைப்பு, முன்பின் தெரியாது. அந்த முன்பின்னைக் காட்டியவர்களில் ஒருவர் நம் தென்னாப்பிரிக்காவில் பிறந்து கேப் டவுனில் படித்த ஹென்றி மார்க்ரம். அவரும் கூட்டாளிகளும் எலி மூளைச் சீவலில் பார்த்து 1997-இல் எழுதினார்கள்: ஒரு நியூரான் 10 மில்லி விநாடி முந்தித் துடித்தால் அடுத்ததோடு அதன் பிணைப்பு வலுக்கிறது, பிந்தினால் தளர்கிறது. மறு வருஷமே பீ, பூ என்ற இரு ஆய்வாளர்கள் ஹிப்போகேம்பஸ் என்னும், நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியின் நியூரான்களில் இதையே கண்டார்கள். அங்கே இரண்டு துடிப்புக்கும் நடுவே இருக்கக்கூடிய இடைவெளி சுமார் 20 மில்லி விநாடிவரை.

பாட்டு வரியோ விநாடிக்கணக்கில் நீள்கிறதே? நியாயமான கேள்வி. எலி நடந்து கடக்கும் இடங்களை ஹிப்போகேம்பஸ் வரிசை மாறாமல் தீட்டா எனப்படும் மூளை அலை ஒன்றுக்குள், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு விநாடிக்குள், சுருக்கி ஓட்டுகிறது. அந்தச் சுருக்கத்தில் இந்த முன்பின் விதிக்கு வேலை கிடைத்துவிடுகிறது. மாடலில் போட்டால் முதல் வரி இரண்டாவதைத் தள்ளும், இரண்டாவது மூன்றாவதை. பின்னோக்கி இழுக்காது.

இனி என் ஊகம். பழைய பாட்டின் சங்கிலி ஆயாவிடம் அப்படியே இருக்கிறது. போன் அடித்ததும் ஓடிக்கொண்டிருந்த வரி அணைந்துவிடுகிறது. எந்த வரியில் நின்றோம் என்பது காலைச் சாப்பாட்டைப் போலப் புது நினைவு, அதுதான் தங்குவதில்லை. கைக்கு எட்டுவது முதல் வரி ஒன்றே.

அடுத்த தடவை போன் அடித்தால், நின்ற வரிக்கு முந்தின வரியை நீங்களே மெல்லப் பாடிக் கொடுங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.