பதினேழு வயது ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரனை எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைப் பார்த்தே "இவன் என்.ஹெச்.எல். (வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்) வரை போவான்" என்று திறமை தேடும் ஐஸ் ஹாக்கி ஸ்கவுட்கள் எப்படிச் சொல்கிறார்கள்? அடித்த கோல்களை வைத்தா?

பதில்:

கோல் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். ஆனால் அதையே முதலில் பார்த்தால் கணிப்பு தப்பிவிடும். ஒரே அணியில் ஆடிய இரண்டு பையன்களைப் பார்த்துத்தான் இதை நான் கற்றுக்கொண்டேன்.

நான் ஸ்கவுட் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஒஷாவா நகருக்குப் பக்கத்தில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி என்பதால் ஹாக்கி மட்டை எனக்குப் புதிதில்லை, பனித்தரைதான் புதிது. ஒஷாவா ஜெனரல்ஸ், ஓ.ஹெச்.எல். என்ற ஜூனியர் லீகில் ஆடும் அணி. பதினாறு முதல் இருபது வயது வரையுள்ள பையன்கள் ஆடுவார்கள். குளிர்காலத்தில் வார இறுதி வந்தால் அவர்கள் ஆடும் பனி அரங்கில், அந்த ரிங்கில்தான் இருப்பேன்.

2013-14 சீசனில் அங்கே எல்லோர் கண்ணும் மைக்கேல் டல்கோல் மேல்தான். நல்ல உயரம், மென்மையான கை, 67 ஆட்டங்களில் 95 புள்ளிகள். (கோல் அடித்தால் ஒரு புள்ளி, அந்தக் கோலுக்குப் பாஸ் கொடுத்தாலும் ஒரு புள்ளி.) 2014 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த டிராஃப்டில் (என்.ஹெச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) நியூயார்க் ஐலண்டர்ஸ் அவரை ஐந்தாவது ஆளாக எடுத்தபோது எங்கள் ஊரே கொண்டாடியது. இவர் பெரிய ஆட்டக்காரர் ஆவார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்த சீசனில் ஆந்தனி சிரெல்லி என்ற பையன் வந்தார். ஓ.ஹெச்.எல். அணிகள் வருடந்தோறும் நடத்தும் தேர்வில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. பயிற்சி முகாமுக்கு வந்து, ஆடிக்காட்டி இடம்பிடித்தவர். அந்த வருடம் முழுக்க நான் அவரைச் சரியாகக் கவனிக்கவேயில்லை.

2015 மே மாதக் கடைசியில் க்யூபெக் நகரத்தில் மெமோரியல் கோப்பை இறுதி ஆட்டம். கனடாவின் ஜூனியர் ஹாக்கியில் அதைவிடப் பெரிய கோப்பை கிடையாது. எதிரணி கெலோனா ராக்கெட்ஸ், அதில் பின்னாளில் என்.ஹெச்.எல். நட்சத்திரமான லியோன் ட்ரைசைட்டில் இருந்தார். கூடுதல் நேரத்தில் ஒஷாவா 2–1 என்று ஜெயித்தது. இரண்டு கோலையும் அடித்தவர் சிரெல்லி. சில வாரங்களில் டாம்பா பே அணி அவரை டிராஃப்டில் 72ஆவதாக எடுத்தது. 2020, 2021 இரண்டு வருடமும் என்.ஹெச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் அவர் இருந்தார். தற்காப்பில் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரருக்குத் தரும் செல்கி விருதுக்கு 2025இல் இறுதி மூவரில் ஒருவராக நின்றார். டல்கோல் என்.ஹெச்.எல்.லில் ஆடியது 112 ஆட்டங்கள், அடித்தது 8 கோல்.

டல்கோலைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டில் 112 முறை அந்தப் பனியில் இறங்குவது சாதாரணக் காரியமில்லை. எனக்கு உறுத்தியது என் கண்தான். இரண்டு பேரும் என் எதிரே ஆடினார்கள், நான் ஒருவரைத்தான் பார்த்தேன்.

பிறகு பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் தேடி எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பதினேழு வயதில் ஒருவன் எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவனை நன்றாக ஆடவைப்பது எது, அது மேலே போனாலும் செல்லுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜூனியர் ஆட்டத்தில் பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் தட்டு) மட்டைக்கு வந்தபின் நிமிர்ந்து பார்த்து முடிவெடுக்க ஒரு நொடி கிடைக்கும். என்.ஹெச்.எல்.லில் அந்த நொடி இல்லை. எதிரே வருவது மீசை அரும்பும் பையனும் இல்லை, தொண்ணூறு கிலோ எடையுள்ள முப்பது வயது ஆள். சக பையன்களை உடம்பால் ஒதுக்கிவிட்டுக் கோல் அடித்துப் பழகியவனுக்கு அங்கே ஒதுக்குவதற்கு ஆள் அகப்படாது. நேரத்தையும் இடத்தையும் பாதியாக்கினால் இவனிடம் என்ன மிஞ்சும்? ஸ்கவுட் எதை அளந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அளக்கிறார்.

ஸ்கேட்டிங்கில் இருந்து தொடங்குவோம். நேர்கோட்டில் பறக்கிற வேகம் கண்ணைப் பறிக்கும், ஆனால் ஆட்டத்தில் யாரும் நேர்கோட்டில் நெடுந்தூரம் போவதில்லை. நின்ற இடத்திலிருந்து எடுக்கும் முதல் மூன்று எட்டைப் பாருங்கள். பிறகு முழங்கால். நன்றாக மடங்கி, இடுப்பு தாழ்ந்து இருந்தால் யாராவது இடித்தாலும் ஆள் சாயமாட்டான். ஸ்கேட் தகட்டுக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு விளிம்புகள் உண்டு. எட்ஜ் என்பார்கள். இரண்டு எட்ஜையும் நம்பி ஆடுகிறவன் திரும்பும்போதும் வேகத்தை விடமாட்டான். வெளி எட்ஜில் நம்பிக்கை இல்லாதவன் வளைவில் ஒரு எட்டு கூடுதலாக வைப்பான், அந்த ஒரு எட்டுக்குள் பக் போய்விடும். டிஃபென்ஸ் பையன் என்றால், பின்னோக்கிப் போய்க்கொண்டே சட்டென்று முன்னோக்கித் திரும்பும் இடத்தைப் பாருங்கள். பல கோல்களுக்குக் கதவு திறப்பது அங்கேதான். பக் மட்டையில் இருக்கும்போதும் அதே வேகம் இருக்கிறதா என்பது இன்னொன்று. வெறுங்கையோடு பறந்துவிட்டு, பக் வந்ததும் நடைபோடும் பையன்கள் நிறைய.

ஆனால் ஸ்கேட்டிங் சுமார் என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடக் கூடாது. ப்ரேடன் பாயின்ட் மூஸ் ஜா என்ற ஜூனியர் அணிக்காக 72 ஆட்டங்களில் 91 புள்ளி எடுத்தவர். குள்ளம், ஸ்கேட்டிங் போதாது என்று சொல்லிச் சொல்லியே 2014 டிராஃப்டில் 79ஆம் இடம் வரை இறக்கிவிட்டார்கள். ஸ்கேட்டிங் பயிற்சியாளர்களோடு உழைத்து அதைச் சரிசெய்தார். 2022-23இல் 51 கோல். மார்க் ஸ்டோன் 2010இல் 178ஆவதாகப் போனவர். அவர் வேகமாக ஓடி இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. எதிராளி எங்கே பாஸ் கொடுப்பான் என்று முன்கூட்டியே படித்து அங்கே மட்டையை நீட்டுவார். 2023இல் வேகாஸ் அணியின் கேப்டனாக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். கால் மெதுவாக இருந்தால் ஓரளவு திருத்தலாம், தலை மெதுவாக இருந்தால் திருத்துவது மிகக் கடினம். இதுவரை நான் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது.

தலை என்று சொல்வதை எண்ணியே பார்க்கலாம். பக் தன்னிடம் வருவதற்கு முன்னால் பையன் எத்தனை முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறான்? இரண்டு முறை பார்த்தவனுக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்பது மனதில் ஏறியிருக்கும், பக் தொட்டவுடன் போய்விடும். பார்க்காதவன் பக்கை வாங்கி நிறுத்தி, அப்புறம்தான் தேடுவான். ஜூனியரில் இருவருக்கும் ஒரே பலன் கிடைக்கலாம், மேலே போனால் இரண்டாமவன் ரிங்கைச் சுற்றியுள்ள போர்டில் அறைபடுவான். பழைய பதிவுகளில் சிரெல்லியைப் பார்த்தபோது எனக்கு விளங்கியதும் இந்த வகைதான். எதிரணி பக்கை எடுத்த கணமே திரும்பிவிடுவார். எப்போதும் பக்குக்கும் தன் அணியின் கோலுக்கும் நடுவில் இருப்பார். கைதட்டல் வாங்கித் தரும் வேலை இல்லை இது. ஆனால் எந்த மட்டத்துக்குப் போனாலும் இது செல்லும், ஏனென்றால் எதிராளி பலவீனமாக இருப்பதை நம்பி அவர் இதைச் செய்யவில்லை.

இனி புள்ளிக் கணக்கு. 95 புள்ளி என்றால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எத்தனை பவர் ப்ளேயில் வந்தது? (எதிரணியில் ஒருவர் பெனால்டியில் உட்கார்ந்திருக்கும்போது இடம் தாராளமாகக் கிடைக்கும்.) கூட ஆடியவர்கள் யார்? பாஸ் கணக்கில் எத்தனை இரண்டாம் பாஸ்? கோலுக்கு முந்தைய பாஸுக்கும் அதற்கும் முந்தைய பாஸுக்கும் ஒரே புள்ளிதான் தருகிறார்கள், மதிப்போ வேறு. லீக் எது என்பதும் முக்கியம். கேல் மக்கார் ஆல்பர்ட்டாவில் இரண்டாம் தட்டு ஜூனியர் லீகில் ஆடியவர், 2017இல் நான்காவதாகப் போனார். அந்தப் புள்ளிகளை எவ்வளவு நம்புவது என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அவர் ஸ்கேட் செய்யும் விதம் எந்த லீகிலும் செல்லும் என்பதைப் பார்த்தவர்கள் எடுத்தார்கள். டேவிட் பாஸ்ட்ர்னாக் ஸ்வீடனின் இரண்டாம் மட்டத்தில், பதினேழு வயதில் வளர்ந்த ஆண்களோடு ஆடிக்கொண்டிருந்தவர். அங்கே எடுத்த சில புள்ளிகள் இங்கே பையன்களுக்கு எதிராக எடுத்த பல புள்ளிகளுக்குச் சமம். 2014இல் 25ஆவதாகத்தான் போனார்.

பிறந்த தேதியைப் பெற்றோர் அவசியம் கவனிக்க வேண்டும். கனடாவில் சிறுவர் ஹாக்கி வயதுப் பிரிவுகள் ஜனவரி 1ஐ வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பதின்மூன்று வயதில் அந்தப் பதினோரு மாதம் ஒரு கை உயரம். பெரிய உடம்புக்காரன் முதல் அணிக்குப் போவான், நல்ல பயிற்சியாளர் கிடைப்பார், அதிக ஆட்டம் கிடைக்கும். 1980 முதல் 2007 வரை டிராஃப்ட் ஆன கனடாக்காரர்களை ஆராய்ந்ததில், ஜூலை முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் அதில் 34 சதவீதம்தான், ஆனால் அந்த ஆட்டக்காரர்கள் ஆடிய என்.ஹெச்.எல். ஆட்டங்களில் 42 சதவீதம் அவர்களுடையவை. அதாவது, குறைவாக எடைபோடப்பட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் ஆடினார்கள். சிரெல்லி ஜூலை நடுவில் பிறந்தவர். டிராஃப்டுக்கோ செப்டம்பர் 15 கெடு, அதற்குள் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17இல் பிறந்ததால், இரண்டு நாளில் 2015ஐத் தவறவிட்டு, ஒரு வருடம் ஸூரிக்கில் ஆண்களோடு ஆடிவிட்டு 2016இல் முதல் ஆளாகப் போனார்.

உடற்தகுதிச் சோதனை பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. டிராஃப்டுக்கு முன் சைக்கிள், தாண்டல், புல்-அப் என்று எல்லாம் அளப்பார்கள். 2014இல் சாம் பென்னெட்டால் ஒரு புல்-அப்கூட எடுக்க முடியவில்லை. செய்திகளில் அதை வைத்துப் பெரிய பேச்சு. நான்காவதாகப் போனார். 2025இல் ஃபுளோரிடா அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது ப்ளே-ஆஃப் முழுவதிலும் சிறந்த ஆட்டக்காரர் என்ற கான் ஸ்மைத் விருது அவருக்குத்தான். பதினேழு வயது உடம்பு இன்னும் முடிவாகாத உடம்பு. கோல்கீப்பர்கள் விஷயத்தில் இது இன்னும் அதிகம், அவர்கள் தேறவே இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதாகிவிடும். பின்னாளில் பெயர்பெற்ற கோல்கீப்பர்களான சோரோகின் அதே 2014 டிராஃப்டில் 78ஆவதாகவும் ஷெஸ்டர்கின் 118ஆவதாகவும்தான் போனார்கள்.

அந்த ஒரு டிராஃப்டில் இன்னொன்றும் இருக்கிறது. முதலாவது எக்பிளாட், இரண்டாவது ரைன்ஹார்ட், நான்காவது பென்னெட். மூவரும் 2024, 2025 கோப்பைகளை ஃபுளோரிடாவில் ஒன்றாக வென்றார்கள். ஆனால் ரைன்ஹார்ட்டை எடுத்தது பஃபலோ, பென்னெட்டை எடுத்தது கால்கரி. ஸ்கவுட் சரியாகக் கண்டுபிடித்த திறமைகூட வேறு அணி, வேறு பயிற்சியாளர், வேறு பொறுப்பு கிடைத்தபின்தான் முழுதாக மலர்ந்தது. அதனால் பையன் எவ்வளவு நல்லவன் என்பதோடு, அவனை யார் வளர்க்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணிக்க வேண்டும். இதை ஸ்கவுட் பட்டியல்களில் போட இடமே கிடையாது.

நல்ல ஸ்கவுட்கள் ஒரே பையனைப் பலமுறை நேரில் பார்ப்பார்கள். சொந்த ஊரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை, வார இறுதியில் மூன்று நாளில் மூன்றாவது ஆட்டமாக, உடம்பு சலித்திருக்கும்போது ஒருமுறை. வெளியூர்ப் பையன்கள் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கி ஆடுவார்கள், அந்த வீட்டாரிடமும் விசாரிப்பார்கள்.

நீங்களே பார்க்க விரும்பினால், கண்ணாடிக்குப் பக்கத்துச் சீட் வேண்டாம், மேலே, மூலையில் உட்காருங்கள். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருவன் பனியில் இறங்கி மறுபடி வெளியே வரும் வரையுள்ள நேரம், முக்கால் நிமிடம்தான் இருக்கும். பக் எங்கே போனாலும் போகட்டும், மூன்று ஷிஃப்ட் முழுக்க ஒரே பையன் மேல் கண்ணை வையுங்கள். எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறான் என்று விரல்விட்டு எண்ணுங்கள். எப்படியும் ஒருமுறை பக்கைப் பறிகொடுப்பான். அதற்கடுத்த இரண்டு நொடியில் அவன் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். நான் இப்போதெல்லாம் நோட்டில் முதலில் எழுதுவது அதைத்தான்.