தலை வலிக்காமலும் மைக்ரேன் வரும்: கேள்வி பதில்

நரம்பியல் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காலேஜ் நாளிலிருந்தே எனக்கும் மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி உண்டு. டாக்டர் இல்லை என்பதால் யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன். டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று சொல்லுவேன்.

கேள்வி (தக்கலை, ஆசிரியை): சிஸ்டர், போர்டில் எழுதும்போது நடு எழுத்து மட்டும் காணாமல் போகிறது. பிறகு ஓரத்தில் ரம்பப்பல் போல ஒரு வளைவு மினுங்கிக்கொண்டே பெரிதாகி, அரை மணி நேரத்தில் மறைந்துவிடும். போன மாதம் அதோடு வலது கை விரல் மரத்து, மெல்ல ஏறி உதடு வரை வந்தது. தலைவலி பெரிதாக இல்லை. கண்ணில் குறை இல்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். பக்கவாதமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: டீச்சர், மைக்ரேன் ஆரா எப்படி இருக்கும் என்று கேட்டால் நானும் இப்படித்தான் சொல்லுவேன். தலைவலிக்கு முன்போ, தலைவலி இல்லாமலோ வந்து போகும் இந்த மினுக்கம், மரப்பு போன்ற அறிகுறிகளைத்தான் ஆரா என்கிறோம். கண் டாக்டர் சொன்னது சரி. இது நடப்பது கண்ணில் இல்லை, மூளையின் பின்பக்கத்தில், பார்வையைக் கவனிக்கும் பகுதியில். அங்கே நரம்பணுக்களில் ஒரு கிளர்ச்சி எழுந்து நகரும். அது கடந்த இடத்து அணுக்கள் சற்று நேரம் ஓய்ந்து கிடக்கும். அதனால்தான் மினுக்கம் முன்னே போக, அதன் பின்னால் பார்வை மறைகிறது. லாஷ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் தனக்கு வந்த ஆராவையே தாளில் வரைந்து, நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகம் என்று 1941இல் கணக்கிட்டார். 1944இல் பிரேசிலின் லியாவோ இப்படி நகரும் அலையை முயலின் மூளையில் பதிவு செய்தார்.

ஆரா ஊர்ந்து வரும். 5 நிமிடமாவது எடுத்துப் பரவி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பக்கவாதம் பெரும்பாலும் சட்டென்று அடிக்கும். ஆனாலும் முதன்முறை வருவதை வீட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்கக் கூடாது. கை மரத்தது உங்களுக்குப் புதிது, அதனால் நரம்பியல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மினுக்கம் தொடங்கிய மணி, விரல் மரத்த மணி, உதட்டுக்கு வந்த மணி எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள். ஆரா உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

கேள்வி (குளச்சல், ஒரு தகப்பனார்): ஒன்பது வயது மகன் ராத்திரி எழுந்து, கை பெரிதாகிவிட்டது, அம்மா முகம் சின்னதாகத் தூரத்தில் தெரிகிறது என்று அழுகிறான். மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்லுகிறார்கள்.

பதில்: அண்ணா, பிள்ளை பொய் சொல்லவில்லை, பேயும் பிடிக்கவில்லை. அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது. உருவ அளவு மாறித் தெரிவதற்கு ‘ஆலிஸ் இன் ஒண்டர்லேண்ட் சிண்ட்ரோம்’ என்று 1955இல் டாட் என்ற டாக்டர் பெயர் வைத்தார். மைக்ரேன் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளிடம் இது வரும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா என்று விசாரியுங்கள். வைரஸ் காய்ச்சல், வலிப்பு இவற்றாலும் வரலாம் என்பதால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ குழப்பமோ சேர்ந்து இருந்தால் அன்றைக்கே. வரும்போது திட்டாமல், விளக்கைப் போட்டுப் பக்கத்தில் இருங்கள். சற்று நேரத்தில் போய்விடும் என்று அவனுக்குச் சொன்னாலே பாதி பயம் போய்விடும்.

கேள்வி (தோவாளை, பூ வியாபாரி): மூன்று மணி நேரம், சில நாள் முழுப்பகலும் தலை சுற்றுகிறது. தலைவலி கிடையாது. அன்றைக்குப் பிச்சிப்பூ வாசமே குமட்டுகிறது. இதே தொழிலில் இருபது வருசம் இருக்கிறேன்.

பதில்: அண்ணாச்சி, வாசனை தாங்காமல் போவதும், வெளிச்சமும் சத்தமும் எரிச்சல் தருவதும் சுற்றலோடு சேர்ந்து வந்தால் வெஸ்டிபுலர் மைக்ரேனை, அதாவது தலைசுற்றலாக வரும் மைக்ரேனை நினைக்க வேண்டும். அதன் சுற்றல் 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை இருக்கலாம். படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி நின்றால் அது உள்காதுக் கோளாறாக இருக்கும். அதற்கு வைத்தியம் வேறு. பிச்சிப்பூவைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். பல பேருக்கு வாசனை பிடிக்காமல் போவதே மைக்ரேன் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். விடியுமுன் சந்தைக்கு வந்து, வெறும் வயிற்றில் சாயா மட்டும் குடித்து, பகலில் கிடைத்த நேரத்தில் தூங்குகிறீர்களா? மைக்ரேன் மூளைக்கு இந்த ஒழுங்கின்மை ஆகவே ஆகாது. சந்தைக்குப் போகுமுன் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். பகல் தூக்கத்துக்குத் தினமும் ஒரே நேரம் வையுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): வலி வரும் நாளில் தலை சீவினால்கூட வலிக்கிறதே?

பதில்: மைக்ரேனில் இது அடிக்கடி காண்பதுதான். வலி நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டன என்று பொருள். இந்த நிலைக்கு வந்த பிறகு மாத்திரை சரியாகக் கேட்காது. வலி தொடங்கும்போதே போட வேண்டும்.

கேள்வி (மார்த்தாண்டம்): மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி அநேகமாகத் தினமும் போடுகிறேன். இப்போது வலி இல்லாத நாளே இல்லை.

பதில்: தம்பி, அந்த மாத்திரைதான் இப்போது வலியைத் தருகிறதோ என்று பார்க்க வேண்டும். பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரையோ, பல மருந்து சேர்ந்த கலப்பு மாத்திரையோ 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால் மருந்தாலேயே தலைவலி நிலைத்துவிடும். நிறுத்தும்போது முதலில் வலி கூடும், ஆகையால் டாக்டர் துணையோடு நிறுத்துங்கள். வராமல் தடுக்கும் மருந்துகள் தனியே உண்டு. ஆஸ்துமா இருந்தால் முன்னாடியே சொல்லுங்கள், அவற்றில் ஒன்றான ப்ரோப்ரனலால் உங்களுக்கு ஆகாது.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் பால் வெட்டும்போது வீட்டுக்காரருக்கு இடது கை தளர்ந்து பேச்சு குழறியது. ஒரு மணி நேரத்தில் சரியானது. மாமனாருக்கும் இப்படி வருமாம், மைக்ரேன் என்று விட்டுவிட்டோம்.

பதில்: விடாதே மக்களே, இன்றைக்கே கூட்டிப் போ. கை தளரும் மைக்ரேன் உண்டு, குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. ஆனால் பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக வருவதும் இப்படித்தான் வந்து போகும். எது என்று ஸ்கேனும் டாக்டரும்தான் சொல்ல முடியும். மறுபடி வந்தால் 108ஐக் கூப்பிட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போல ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குப் போ. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்பார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மைக்ரேனுக்கு யாராவது டிரிப்டான் எழுதினால், கை தளர்ந்த விசயத்தைக் கட்டாயம் சொல், இப்படிப்பட்டவர்களுக்கு அதைத் தருவதில்லை. டாக்டர் சரி என்று சொல்லும் வரை இருட்டில் தனியாகப் பால் வெட்ட அனுப்பாதே.