நுண்துளைகளுக்குள் திரவப் படிகம் எப்படி ஒரே திசையில் நிற்கிறது?

திரவப் படிகம் நீர்போல ஓடும். ஆனாலும் அதன் குச்சி வடிவ மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்கும். எந்தத் திசை? பெரும்பாலும் அது தொட்டிருக்கும் சுவர்தான் தீர்மானிக்கிறது.

அலுமினியத்தை அமிலக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால், சில பத்து நானோமீட்டர் அகலத்தில் நேரான துளைகள் உருவாகும். அவற்றுக்குள் நிரப்பும் திரவப் படிக மூலக்கூறின் நீளம் சுமார் 2 நானோமீட்டர். அப்புறம் என்ன, துளைக்குள் எந்த மூலக்கூறுக்கும் சுவர் பக்கத்தில்தான். குறுகிய நடைபாதையில் சுவரோரம் நிற்பவர்கள் ஒரு பக்கம் திரும்பினால் நடுவில் இருப்பவரும் திரும்புவார். மைதானத்தில் அது எடுபடாது. வழக்கமாக மூலக்கூறுகளுக்குத் திசை கொடுக்கச் சுவரின் மேற்பூச்சைத் துணியால் ஒரே பக்கமாகத் தேய்ப்பார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அப்படித் தேய்க்காமலேயே திசை கிடைப்பதுதான்.

துளை குறுகலாக இருப்பதால் மூலக்கூறுகள் எப்போதும் நீளவாக்கில்தான் படுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதே துளையின் சுவரில் பொருத்தமான வேதிப்பூச்சு இட்டால், அவை சுவருக்குச் செங்குத்தாகவும் நிற்கும்.