பதில்: 3 அடி வாசல் நடைக்குச் சுவர்த் தட்டு

நண்பரே, 3 அடி அகல வாசல் நடையில் சாவி, கடிதம், ஹெல்மெட், செருப்பு வைக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஆசாரி சொல்லும் 14 அங்குல ஆழ அலமாரி வேண்டவே வேண்டாம், ஆழம் குறைந்த தட்டுகளைச் சுவரில் மாட்டுங்கள். அலமாரி வைத்தால் 3 அடி நடையில் மிஞ்சுவது 22 அங்குலம்தான். காய்கறிப் பையோடு நுழைந்தால் தோள் இடிக்கும்.

முதலில் சுவரைப் பாருங்கள். பழைய ஸ்டாண்டு பிளக்கோடு (திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் உறை) பிடுங்கி வந்தது, துளையிலிருந்து மாவு மாவாகக் கொட்டியது என்கிறீர்கள். அநேகமாக ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கட்டுமானக் கல். செங்கல் சுவருக்கான சாதாரண பிளாஸ்டிக் பிளக் அதில் பிடிக்காது. ஏஏசிக்கென்றே வரும் நைலான் ஆங்கர் (சுவரை இறுக்கிப் பிடிக்கும் பிளக்) கேட்டு வாங்குங்கள். டிரில்லில் ஹேமரை (தட்டித் தட்டித் துளைக்கும் இயக்கத்தை) அணைத்துவிட்டே துளையிட வேண்டும், இல்லையேல் ஓட்டை அகன்றுவிடும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் கை வைக்காதீர்கள். ஒயர் குழாய் பெரும்பாலும் அங்கேதான் ஓடும்.

தட்டைச் சுவரில் மாட்ட, 18 எம்எம் பிளைவுட்டில் 4 அங்குல அகலப் பட்டை ஒன்றை நீளவாக்கில், 45 டிகிரி சாய்வாக, இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். ஒரு பாதி சுவரில்: கூர் விளிம்பு மேலே, சுவரை விட்டு வெளிப்பக்கமாக. மறுபாதி தட்டின் முதுகில் தலைகீழாக. தூக்கி மாட்டினால் கவ்விக்கொள்ளும், வெள்ளையடிக்கும்போது கழற்றியும் விடலாம். தட்டின் முதுகில் கீழேயும் அதே கனத்தில் ஒரு துண்டு அடியுங்கள், சாயாது.

சாவி, கடிதங்களுக்கு 4 அங்குல ஆழம் தாராளம். ஹெல்மெட்டுகள் தலைக்கு மேலே, 11 அங்குலத் தட்டில் போகட்டும். மழையில் நனைந்த செருப்பு வைக்கும் கீழ்த்தட்டுக்கு மட்டும் ஐஎஸ் 710 (நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள பலகை வாங்குங்கள். மற்றதற்கு ஐஎஸ் 303, அதாவது பொதுப் பயன்பாட்டு பிளைவுட், போதும்.